நடுப் பெடல்

பாம்ம்ம்ம்!

மத்திகிரியின் அந்தக் குறுகலான சந்தில் ஹாரன் அலறியதும், வண்டிக்கு அடியில் படுத்திருந்த பாக்கியராஜ் திடுக்கிட்டு எழுந்து நெற்றியை இரும்பில் முட்டிக்கொண்டான். டிரைவர் சீட்டில் இருந்த அவன் மனைவி ஜெபசீலி கண்ணாடியில் பார்த்தாள். பழைய இரும்பு வியாபாரி திம்மப்பனின் கிரேன் வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"திங்கக்கிழமை தானே வர்றேன்னாரு?" என்றாள்.

"அவரு மட்டும் வரலடி. கூட யாரு இறங்குறாங்க பாரு."

கிரேனின் மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கியவர் அனிட்டா. பாக்கியராஜின் அக்கா. வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருப்பவர். மரக்கட்டைகளின் மேல் முன்சக்கரங்கள் இல்லாமல் நிற்கும் இந்தப் பழைய பிக்கப் வண்டி அவருடையதுதான்.

"என்னாடா இது?" அனிட்டா இடுப்பில் கை வைத்தார். "திம்மப்பன் பிரிக்க வேண்டிய வண்டிய நீங்களே பிரிச்சி வச்சிட்டீங்களா? அவருக்கு வேல மிச்சம்!"

"பிரிக்கல அண்ணி, மாட்டிக்கினு இருக்கோம்!" ஜெபசீலி சீட்டிலிருந்து குதித்தாள். "முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். முடியப் போவுது!"

போன வருடம் வரை இந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மழை நாளில் மாங்காய் லோடோடு தோப்புச் சரிவில் இறங்கும்போது டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து பிரேக் வழுக்கியது. வண்டி நிற்காமல் ஓடி, ஒரு மண்மேட்டில் ஏறி நின்றது. டிரைவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனிட்டாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றோடு அந்த வண்டியில் ஏறுவதை அவர் விட்டுவிட்டார். "பழைய இரும்புக்குப் போட்டுடு" என்பதுதான் ஒரே பேச்சு.

ஜெபசீலிதான் விடவில்லை. வேலை பார்ப்பது பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில். டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைப் பூட்டுகிற லைன். ஆறு வருடமாக ஊரான் வண்டிக்கெல்லாம் பிரேக் கட்டி அனுப்புகிறாள். ஸ்டியரிங்கைத் தன் கையில் பிடித்து ஒரு லோடாவது ஓட்ட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. லைசென்ஸ் போன மாதம் கைக்கு வந்துவிட்டது. இந்த சீசனுக்கு அனிட்டாவின் மாங்காயைக் கிருஷ்ணகிரி மாங்கூழ் பேக்டரிக்கு அவள்தான் ஓட்டப் போகிறாள். வண்டி இருந்தால்!

"மத்தியானம் வரைக்கும் விடுங்க அண்ணி. வண்டி நிக்கலைன்னா கிரேன் கொக்கிய நானே மாட்டி விடுறேன்."

அனிட்டா பிளாஸ்டிக் சேரை இழுத்து, டிரைவர் சீட்டுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். அதுவே சம்மதம்.

திம்மப்பனுக்கோ ஒரே சிரிப்பு. "என் யார்டுல இருந்து கழட்டின சாமான என் கண்ணு முன்னாடியே மாட்றீங்களா? நல்லாருக்கு! நான் ஒரு சோடா குடிக்கிறேன். பேக பேக, சீக்கிரம் ஆகட்டும்மா!"

உண்மைதான். இதே பிக்கப்பின் புது மாடல் வண்டி ஒன்று திம்மப்பனின் யார்டில் கிடந்தது. அதன் முன்சக்கரப் பாகங்களையும் காலிப்பர்களையும், பிரேக் ஆயிலைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டரையும் பாக்கியராஜ் வாங்கி வந்து பூட்டியிருந்தான். கம்பெனியில் மெஷின் பழுது பார்ப்பவனுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா? மிச்சம் இருந்தது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது மட்டும்தான். மெக்கானிக்குகள் பாஷையில், ஏர் எடுப்பது.

ஜெபசீலி மீண்டும் சீட்டில் ஏறினாள். பாக்கியராஜ் காலிப்பரின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த சின்ன நிப்பிளில் டியூபைச் செருகினான்.

"அழுத்து!"

"அழுத்திட்டேன்!"

"பிடி... பிடி... விடு!"

நிப்பிளிலிருந்து ஆயில் பீய்ச்சி டப்பாவில் விழுந்தது. அழுத்து, பிடி, விடு. அழுத்து, பிடி, விடு. இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம். டியூபில் ஒரு குமிழியும் இல்லை. சுத்தமான ஆயில்.

"அவ்ளோதான் ஜெபா! மிதிச்சிப் பாரு!"

அவள் ஆவலோடு மிதித்தாள். பெடல் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கி, தரையைத் தொட்டது.

"என்னாங்க, இது உள்ள போவுதுங்க!"

"இன்னொரு வாட்டி எடுப்போம்."

எடுத்தார்கள். மறுபடி பஞ்சு மூட்டை. மூன்றாம் முறையும் அதே கதை. வாங்கி வைத்திருந்த ஆயில் காலியாகிக்கொண்டே வந்தது. பாக்கியராஜின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மாஸ்டர் சிலிண்டர் போயிருக்குமோ?" என்று முணுமுணுத்தான்.

"என் சாமான குறை சொல்லாத தம்பி!" தெருவிலிருந்து திம்மப்பன் குரல் கொடுத்தார். "அது ஓடிக்கினு இருந்த வண்டி!"

"கொக்கிய எறக்குங்க திம்மப்பா," என்றார் அனிட்டா. ஆனால் அவர் கண் திம்மப்பன் பக்கம் போகவில்லை. ஜெபசீலியின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டி, அந்த நடுவுல இருக்கறதத்தான் மிதிக்கிறியா?"

"ஆமா அண்ணி. அதான் பிரேக்கு."

"ம்."

திம்மப்பன் லீவரைத் தட்டிவிட்டதும் கிரேனின் சங்கிலி கடகடவென்று இறங்கத் தொடங்கியது. ஜெபசீலிக்கு அழுகை முட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே திம்மப்பன் தன் பன்னீர் சோடாவைத் திறந்துகொண்டிருந்தார். புஸ்ஸ்! பாட்டிலின் அடியிலிருந்து குமிழிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு கழுத்தை நோக்கி ஏறின.

ஜெபசீலி அதையே உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரே தாவலில் கீழே இறங்கி சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"என்னாங்க! காத்து எங்க போவும்? மேல தானே?"

"மேலதான். அதுக்கென்ன?"

"நிப்பிள் எங்க இருக்குது?"

பாக்கியராஜ் குனிந்து பார்த்தான். நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. ஆயில் அடிவழியாக ஒழுகிப் போக, காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. எத்தனை முறை மிதித்தாலும் வராது.

"நீதானடி கீழன்னு சொன்ன!" அவன் கத்தினான். "யார்டுல இடது, வலதுன்னு சாக்பீஸ்ல கரெக்டா எழுதிக் குடுத்தாங்க. நீதான், 'இவனுங்களுக்கு என்னா தெரியும், மாத்தி எழுதிட்டானுங்க, நிப்பிள் கீழதான் வரணும்'னு சத்தியம் பண்ணி, இடத்த வலதுல மாட்ட வச்ச!"

ஜெபசீலி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடித்த இடத்தில் கறுப்பாக ஆயில் ஒட்டியது.

"எங்க லைன்ல காலிப்பர தலைகீழா வச்சித்தான் இறுக்குவோம். போல்ட்டு போட வசதியா இருக்கும்னு. நிப்பிள் கீழ தொங்கும். ஆறு வருஷமா அப்படியே பாத்துப் பாத்து... வண்டில மாட்டினத நான் ஒருநாளும் பாத்ததில்லைங்க!"

திம்மப்பனின் வாயிலிருந்த சோடா மூக்கு வழியாக வந்தது. "என் பசங்க எழுதினது தப்பாம்! கேட்டீங்களாம்மா?" பாக்கியராஜும் தாங்க முடியாமல் சிரித்துவிட்டான். அனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் கையை உயர்த்தினார். சங்கிலி பாதியில் நின்றது.

"சிரிச்சது போதும். மாத்துங்கடா."

இடது காலிப்பர் இடதுக்கு, வலது வலதுக்கு என்று மாறியதும் நிப்பிள் மேலே வந்தது. ஸ்பேனர் பறந்தது. திம்மப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானாகவே வந்து டியூபைப் பிடித்தார்.

"அழுத்து!"

புளுக்! டியூபில் ஒரு பெரிய குமிழி.

"வருது! வருது! பிடி... விடு!"

புளுக், புளுக், புளுக்! குமிழிகள் வரிசை கட்டி வந்தன. பிறகு நின்றன. ஜெபசீலி மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். கல்லை மிதித்த மாதிரி நின்றது பெடல்.

"ஏசப்பா!" என்று அவள் கூவியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். கரையிலிருந்து இறங்கும் ஆளில்லாத மண்சாலைதான் சோதனைக் களம். சரிவின் அடியில் திம்மப்பன் தன் கிரேனைக் குறுக்கே நிறுத்தினார்.

"நிக்கலைன்னா நேரா கொக்கியில வந்து மாட்டிக்கோம்மா. இழுத்துக்கினு போக வசதி!"

"கொக்கிய நல்லா தொடச்சி வையிங்க. சும்மாவே தொங்கப் போவுது!" என்று மேலிருந்து கத்தினாள் ஜெபசீலி.

அனிட்டா ஒரு குடம் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். இரண்டு முன்சக்கரங்களிலும் தன் கையாலேயே ஊற்றினார். டிஸ்க் நனைந்து மினுமினுத்தது.

"இப்ப ஓட்டு."

ஜெபசீலி சாவியைத் திருகினாள். இன்ஜின் உறுமியது. அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அனிட்டா ஏறி உட்கார்ந்தார்.

பாக்கியராஜ் பதறி ஓடிவந்தான். "அக்கா, நீ எதுக்குக்கா? நான் உக்கார்றேன்."

"என் வண்டி. நீ கீழ நில்லு."

வண்டி சரிவில் இறங்கியது. மெதுவாக, பிறகு வேகமாக. ஜன்னலில் காற்று சீறியது. பின்னால் காலிக் குடம் கடகடவென்று உருண்டது. கிரேன் பெரிதாகிக்கொண்டே வந்தது. அனிட்டா சாலையைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஜெபசீலியின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துடி!"

ஜெபசீலி மிதித்தாள்.

மூக்கைத் தரையில் தேய்ப்பது போல வண்டி முன்னால் குனிந்தது. இடப்பக்கம் இழுக்கவில்லை. வலப்பக்கம் வழுக்கவில்லை. குடம் பாய்ந்து வந்து கேபினில் 'டங்' என்று மோதியது. புழுதி அடங்கியபோது, கிரேனுக்கும் வண்டிக்கும் நடுவில் இன்னொரு கிரேனையே நிறுத்தலாம் போல இடம் இருந்தது.

"நின்னுடுச்சி! நின்னுடுச்சி!" பாக்கியராஜ் சரிவில் உருளாத குறையாக ஓடிவந்தான். திம்மப்பன் கொக்கியைத் தட்டி, "உனக்கு இன்னைக்குப் பட்டினிதான்" என்றார்.

"அண்ணி, பாத்தீங்களா? தண்ணில நனைஞ்சும் பிடிச்சிது பாத்தீங்களா?" ஜெபசீலிக்கு மூச்சு வாங்கியது. "இனிமே நான் ஓட்டலாம் இல்ல?"

"திங்கக்கிழமை லோடு உன்னுதுதான்." அனிட்டா இறங்கவில்லை. டாஷ்போர்டைப் பிடித்திருந்த கையைக்கூட எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, டிரைவர் பக்கம் நகர்ந்து வந்து, கீழே இருந்த மூன்று பெடல்களையும் பார்த்தார்.

"அன்னிக்கு பிரேக் வழுக்கின உடனே டிரைவர் கதவத் தொறந்து குதிச்சிட்டான் ஜெபா, இந்த மூணுல எத மிதிக்கணும்னு தெரியாம நான் ஒருத்தியா உக்காந்திருந்தேன், அதனால மொதல்ல எனக்கு ஓட்டக் கத்துக் குடு."