மோட்டார் நிற்கும்போது

பாலக்கரையில் இன்னாசிராஜ் குடியிருந்த வீட்டுக்கு அந்த ஃபிரிட்ஜ் மாட்டு வண்டியில் வந்தது. பொன்மலையில் ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறார், சாமான்களையெல்லாம் வந்த விலைக்குக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு இன்னாசிராஜ் போயிருந்தார். மற்றவர்கள் கட்டிலும் நாற்காலியும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சமையலறை மூலையில் நின்ற பழைய ஃபிரிட்ஜைக் கேட்டார். வண்டியில் வைக்கோல் பரப்பி, அதைப் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தார்கள். 1963, சித்திரை மாதம். தெருவில் தார் இளகிக் கிடந்தது.

இன்னாசிராஜ் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். ஒரே மகள் லூர்துராணிக்குப் பன்னிரண்டு வயது. முந்தைய வருஷம் அவள் துரும்பாய் இளைத்துப்போக, சர்க்கரை வியாதி என்றார்கள். அன்றிலிருந்து தினமும் இன்சுலின். ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, மருந்தை ஏற்றி, தொடையில் குத்துவதெல்லாம் தாய் பாக்கியமேரிதான். அந்த நேரத்தில் இன்னாசிராஜ் வாசலுக்குப் போய்விடுவார். மருந்து வெயிலில் கெட்டுவிடுமோ என்ற பயம் மட்டும் அவரை விடவில்லை. “மண்பானைக்குள்ள குளுமையா வெச்சா போதும்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாக்கியமேரியும் அப்படித்தான் வைத்திருந்தாள். இருந்தும் அவர் ஃபிரிட்ஜ் வாங்கினார். மகளுக்குத் தன் கையால் ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவர் தவிப்பது தெரிந்ததால், பாக்கியமேரி ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை.

வயர்மேன் காத்தமுத்து வந்து, முன்னறையில் அதை நிறுத்தி, கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றி, இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார். லூர்துராணி தட்டில் உறைந்த ஐஸைச் சுரண்டி வாயில் போட்டுச் சிரித்தாள். அன்று சாயங்காலமே ஃபியூஸ் போயிற்று.

அந்த வீட்டில் இரண்டு குடித்தனம். மெயின் சுவிட்சும் ஃபியூஸும் நடைவழியில் பொதுவாக இருந்தன. ஒரு பக்கம் இருட்டானால் மறுபக்கமும் இருட்டு. மறுபக்கத்தில் ஜீனத் இருந்தாள். கணவர் பினாங்கில் கடையில் வேலை. அவள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் துணி தைத்துவந்தாள். முதல் தடவை விளக்கு அணைந்தபோது சிரித்தாள். இரண்டாம் தடவை சும்மா இருந்தாள். அடுத்த வாரமும் தொடர்ந்தபோது கதவைத் தட்டிவிட்டாள்.

“அக்கா, நான் குத்தம் சொல்லலை. ஆனா கல்யாணத் துணி கையில இருக்கு. விளக்கு வெச்சப்புறம்தான் எனக்குத் தைக்கவே நேரம் கிடைக்குது.”

“தெரியுது ஜீனத்து. அவருகிட்ட சொல்றேன்” என்றாள் பாக்கியமேரி.

காத்தமுத்துவைத் தேடினால் ஆள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேருக்கு விளக்குப் போடும் வேலையில் இருக்கிறார், தேர் முடிந்துதான் வருவார் என்றார்கள். மறுநாள் மறுபடியும் இருட்டானபோது, ஜீனத் வீட்டுப் பக்கமிருந்து மிஷின் சத்தம் பாதியில் நின்றது. இன்னாசிராஜுக்கு அவமானமாக இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினார். மெல்லிய ஃபியூஸ் கம்பி இருந்த இடத்தில், மின்சார வயரை உரித்து எடுத்த செம்புக் கம்பிகளை முறுக்கித் திணித்து மூடினார்.

அதற்குப் பிறகு விளக்கு அணையவே இல்லை. ஜீனத் கல்யாணத் துணியை முடித்துவிட்டு, பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். லூர்துராணிக்குச் சர்க்கரை சேர்க்காமல் தனியாக ஒரு கிண்ணம் இருந்தது. இன்னாசிராஜ் நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்வந்து பாக்கியமேரி வீட்டைக் கழுவிவிட்டாள். தரை இன்னும் காயவில்லை. ஊசி போடும் நேரமானதால், “ராணி, மருந்தை எடுத்துக்கிட்டு வா” என்றாள். வெறுங்காலோடு போன லூர்துராணி ஃபிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்தாள்.

கூப்பிடக்கூட அவளால் முடியவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. கை கைப்பிடியிலேயே ஒட்டிக்கொள்ள, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பாக்கியமேரி ஓடிவந்து மகளைப் பிடிக்கப் போனாள்.

“தொடாதீங்கக்கா! தொடாதீங்க!”

நடைவழியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஜீனத் திறந்த கதவு வழியே பார்த்துவிட்டாள். எட்டி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். லூர்துராணி ஈரத்தரையில் சரிந்து விழுந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் தோல் வெந்திருந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, பயமில்லை என்றார். இன்னாசிராஜ் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

“அந்தச் சனியனைத் தூக்கித் தெருவுல எறிஞ்சிடறேன்” என்றார்.

“எறியலாம்” என்றாள் பாக்கியமேரி. “முதல்ல எதனால இப்படி ஆச்சுன்னு தெரியட்டுங்க. தெரியாமப் போனா, இவ இனிமே சுவிட்சைப் பார்த்தாலே பயப்படுவா. நீங்களும்தான்.”

மறுநாள் காலை பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனார் இன்னாசிராஜ். சித்திரை வீதியில் ஏணிமேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்த காத்தமுத்து, விஷயத்தைக் கேட்டதும் கூட இருந்தவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

வந்ததும் முதலில் ஃபியூஸைக் கழற்றினார். உள்ளே முறுக்கிக் கிடந்த செம்பைப் பார்த்தார்.

“யார் சார் போட்டது?”

“நான்தாங்க.”

காத்தமுத்து அதை உருவிக் கீழே போட்டார். “ஃபியூஸ் போறதே நம்மளக் காப்பாத்தத்தான் சார். எங்கயோ கரண்ட் கசியுது, நிறுத்துன்னு அது சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க அதோட வாயை அடைச்சிட்டீங்க. குழாயில நான் சுத்தின கம்பியும் சூட்டுல கருகி விட்டுப்போயிருக்கு. அப்புறம் கரண்டு எங்க போகும்? தொட்டவங்க மேலதான்.” இன்னாசிராஜின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். “நானும் குழாயில சுத்தினதோட விட்டிருக்கக் கூடாது. பாப்பா கை எப்படி இருக்கு?”

எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு பல்பின் ஒரு வயரை ஃபிரிட்ஜின் உடம்பிலும் மற்றதைக் குழாயிலும் கட்டினார். உடம்பில் கரண்ட் வந்தால் பல்பு எரியும். ஃபியூஸில் சரியான மெல்லிய கம்பியைப் போட்டு மெயினைத் தூக்கினார். மோட்டார் ஓடத் தொடங்கியது. பல்பு எரியவில்லை. உள்விளக்கைக் கழற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார். அப்போதும் எரியவில்லை.

“ஒண்ணும் காணோமே” என்று தலையைச் சொறிந்தார்.

கதவோரம் நின்ற ஜீனத் தயங்கித் தயங்கிப் பேசினாள். “அண்ணே, ஒண்ணு சொல்லவா? அது ஓடுறப்ப எதுவும் ஆகாது. நிக்கிறப்ப ‘தடதட’ன்னு ஒரு உதறு உதறும். என் மிஷின் இந்தச் சுவத்தை ஒட்டித்தானே இருக்கு, எனக்கு நல்லாக் கேக்கும். அந்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் விளக்கு போகும். நேத்து பாப்பா கைப்பிடியைப் பிடிச்சப்பவும் அதே சத்தம்தான் கேட்டுச்சு.”

காத்தமுத்து அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மரக்குச்சியால் குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பினார். மோட்டார் நின்றது. நிற்கும்போது ஃபிரிட்ஜ் குலுங்கியது. பல்பு பளிச்சென்று எரிந்தது.

“யா அல்லா” என்றாள் ஜீனத்.

மெயினை அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜை முன்னுக்கு இழுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்தார்கள். மோட்டாருக்கு மேலே போகும் வயர் இரும்புச் சட்டத்தில் நசுங்கிக் கிடந்தது. வண்டியில் படுக்கப் போட்டு வந்தபோது இடம் மாறியிருக்கும் என்றார் காத்தமுத்து. ஒவ்வொரு குலுக்கலிலும் உரசி உரசி, ரப்பர் தேய்ந்து செம்பு தெரிந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிந்து புது வயர் போட்டார். சட்டத்தில் படாமல் ரப்பர் வைத்துக் கட்டினார். கொல்லையில் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, எர்த்துக்கென்றே ஒரு குழாயை இறக்கினார். பிறகு குமிழைப் பல தடவை திருப்பி மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். பல்பு எரியவே இல்லை.

லூர்துராணி மட்டும் அந்த அறைக்குள் வர மறுத்தாள். கதவுக்கு வெளியே, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்னாசிராஜ் செருப்பைக் கழற்றினார். தரையில் நின்று உள்ளங்கையை ஃபிரிட்ஜ் கதவில் அழுத்தி வைத்தார். மோட்டார் ஓடியது, குலுங்கியது, நின்றது. கையை அவர் எடுக்கவில்லை.

“போதும்ப்பா, கையை எடுங்க” என்று அழுதாள் லூர்துராணி.

அதற்குப் பிறகும் நெடுநாள் அவள் அதன் பக்கம் போகவில்லை. மருந்தைப் பாக்கியமேரியே எடுத்தாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனி மாதம் ஒரு மத்தியானம், பள்ளியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தவள், பையை வீசிவிட்டு நேரே போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தவள், உள்ளிருந்து வந்த குளிர் முகத்தில் படும்படி கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

துணி கொடுக்க வந்த ஜீனத் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பாக்கியமேரி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். இருவரும் சத்தம் போடாமல் சமையலறைக்குள் போனார்கள்.