ஒடியாத பிடி

பிரபுவின் ஆற்றோரப் புல்வெளியில் பதினெட்டுப் பேர் வரிசையாகப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நீளப் பிடி போட்ட அரிவாள்களை ஒன்றாக வீச, புல் பெருமூச்சு விட்டதுபோல் சாய்ந்தது. வெயிலிலும் புல்வாசனையிலும் ஹாமோவுக்குக் கண் சொக்கியது. கை புல்லை அறுத்தது, மனம் வரப்போகிற பனிக்காலத்து வீட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டது. அங்கே வெளியே பனி கொட்டுகிறது, செவலைப் பசு அசைபோடுகிறது, அவன் பெண்டாட்டி ஏவிஸ் செம்பு நிறையப் பால் கறக்கிறாள்.

போன பனிக்காலத்தில் கறக்கப் பாலில்லை. காய்ச்சலில் ஏவிஸுக்குப் பால் நின்றது, தீனியில்லாமல் பசுவும் வற்றியது, கைக்குழந்தை போய்விட்டது. இப்போது அவளுக்கு மறுபடியும் ஏழு மாசம்.

இந்த அறுப்புக்குக் கூலி கிடையாது. கடைசி நாள் சாயங்காலம், அவனவன் தன் அரிவாள் பிடியில் ஒரே தூக்காகத் தூக்குகிற புல் அவனுக்கு. பிடி ஒடிந்தால் ஒன்றும் கிடையாது. பாட்டன் காலத்து வழக்கம். அதற்காகவே ஹாமோ, புயலில் விழுந்த, உறுதிக்குப் பேர்போன ஆஷ் மரத்தின் கிளை ஒன்றைச் செதுக்கித் தடிமனாகப் புதுப் பிடி போட்டிருந்தான்.

"அது பிடியாடா, ஏர்க்காலா?" என்றான் பக்கத்தில் அறுத்த ஆஸ்பெர்ன். "தூக்குறதுக்குள்ள நீ ஒடிஞ்சிருவ மாப்ளே."

"நான் ஒடிஞ்சா ஒடிஞ்சிட்டுப் போறேன். அது நிக்கணும்."

சாயங்காலம் முதலில் ஆஸ்பெர்ன் தூக்கினான். படீரென்று பிடி ஒடிந்தது. குதிரைமேல் இருந்த பிரபுவின் காரியக்காரர் தர்ஸ்டன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அடுத்தது ஹாமோ. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். பிடி வளைந்தது, ஒடியவில்லை. தலைக்குமேல் ஒரு குட்டி மலையே எழுந்தது. அம்மாடியோ! ஆட்கள் கத்திய கத்தலில் கொக்குகள் பறந்தன. ஹாமோவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

"நில்லுடா," என்றார் தர்ஸ்டன். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கட்டை ஏது?"

"புயல்ல விழுந்து கெடந்துச்சுங்கய்யா."

"யாரு காட்டுல?"

ஹாமோவின் கண் பிரபுவின் காட்டுப் பக்கம் போனது.

"விழுந்தாலும் பிரபு மரம்தான். எறக்கு."

"பிடிய எடுத்துக்கங்கய்யா. வீட்ல புள்ளத்தாச்சி, புல்ல மட்டுமாவது..."

"வழக்கம் தெரியும்ல? உன் பிடில தூக்குனாதான உன் புல்லு?"

மறுநாள் பிரபுவின் புல்கொட்டகையில் கடைசி வண்டியை இறக்கியவனும் ஹாமோதான். கொட்டகைக் கதவை மூடி, குறுக்கே தாழ்க்கட்டையாக, அவனிடம் பறித்த அந்த ஆஷ் பிடியைச் செருகினார்கள். ஹாமோ அதை ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.