பின்னாடி ரெண்டும் இருக்கட்டும்

டயர் கடை மெக்கானிக் சுதீர் முன் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டியபோது காரைக் கொண்டுவந்த பெட்டிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வெளிப்பக்கத்தில் சாலையைப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டன் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. உள்விளிம்பில் ரப்பரே இல்லை. கம்பி நார்நாராகப் பிய்ந்து நின்றது.

"இதுலயா மேடம் ஓட்டினு இருந்தீங்க?"

இதில்தான். அன்று காலைகூட விவேக் நகரிலிருந்து மகளையும் பக்கத்து வீட்டு லீனாவின் இரட்டைப் பிள்ளைகளையும் இந்தப் பழைய சான்ட்ரோ காரில்தான் பள்ளிக்கூடத்தில் விட்டாள். பிறகு ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அடுகோடியில் இந்த டயர் கடைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேயில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஹைவேயில் போவதற்குள் டயர் மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தாள். அவசரம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கம்பியைத் தொட்டாள். விரலில் குத்தியது.

கடைக்காரி ஃபாத்திமா புது டயர்களைச் சுவரோரம் உருட்டி வந்து நிறுத்தினாள். "இது மழைக்கு நல்லா பிடிக்கும். அது ரொம்ப நாள் உழைக்கும், கொஞ்சம் சத்தம் போடும். முன்னாடி மட்டுமா, நாலுமா?"

பெட்டி கணவனுக்கு போன் போட்டாள்.

"மழைக்குப் பிடிக்கிறதையே போடு" என்றான் கிளாரன்ஸ். "முன்னாடி ரெண்டும் போதும். பின்னாடி நல்லாத்தானே இருக்கு? போன வாரம்கூட நானே பாத்தேன்."

பெட்டி குனிந்து பார்த்தாள். பின் டயர்களில் பட்டன் பளிச்சென்றுதான் இருந்தது.

"ஆமாங்க. பின்னாடி ரெண்டும் இருக்கட்டும்."

"காத்து மட்டும் கம்மியா இருக்கு" என்று சொல்லி, சுதீர் பின் டயரில் காற்றுக்குழாயை மாட்டிவிட்டுப் புது டயரை எடுக்க உள்ளே போனான்.

வெடித்தது.

காது அடைத்துப்போனது. தூசியும் ரப்பர் துணுக்கும் முகத்தில் அடித்தன. வண்டி ஒருபக்கமாகத் தொப்பென்று சாய்ந்தது. எதிரே போன ஆட்டோக்காரன் பிரேக் போட்டு எட்டிப் பார்த்தான். பெட்டி சுவரோடு ஒட்டி நின்றாள். எப்போது அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பெட்டி! பெட்டி! என்ன சத்தம்? பேசு!" கையிலிருந்த போன் கத்தியது. ஃபாத்திமா போனை வாங்கி, "அம்மாக்கு ஒண்ணும் ஆகல சார், டயர் வெடிச்சிருச்சு. நீங்க வாங்க" என்றாள்.

சுதீர் வெளுத்த முகத்தோடு கிழிந்த டயரைப் புரட்டினான். வெளியே தெரியாத உள்பக்கச் சுவர், பலூன்போல வீங்கியிருந்த இடத்திலேயே வாய் பிளந்திருந்தது. "நானும் பாக்கலியே மேடம்" என்றான் மெல்ல.

கிளாரன்ஸ் ஆட்டோவில் வந்து இறங்கினான். முதலில் அவள் தோளை, கையை, முகத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகுதான் டயரிடம் போனான். பிளந்த இடத்தில் அவன் கை முழுசாக நுழைந்தது.

"காலைல பசங்க பின் சீட்ல..." என்றாள் பெட்டி.

"நாலையும் மாத்துங்க" என்றான் அவன்.

மாற்றி முடித்ததும் சுதீர் சாவியை நீட்டினான். பெட்டி கணவனைப் பார்த்தாள். "நீங்களே ஓட்டுங்க. எனக்கு இப்ப தைரியம் இல்ல."

"எனக்கும் இல்ல, பெட்டி."

ஃபாத்திமா இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ வரவழைத்தாள். இருவரும் உட்கார்ந்தார்கள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சாலையில் போகிற ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.