எந்த ‘லி’?

1

போன மாதம் நண்பர் ஒருவர் ‘vali sollunga’ என்று எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். ‘மாத்திரை போட்டுக்கொண்டு படுங்கள்’ என்று பதில் போட்டேன். அவர் கேட்டது வலி அல்ல, வழி. புனேயில் விஷ்ராந்த்வாடி முனையில் நின்றுகொண்டு என் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். வெயிலில் நின்று பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்பிப் போனவர் இன்றுவரை பேசவில்லை. நட்பு போனால் போகட்டும், கதை கிடைத்ததே என்று நினைக்கிற பிறவி நான். அதை இப்போதே தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது.

2

முதல் தொடக்கம்: டிசம்பர் குளிரில் புனே நகரம் போர்வைக்குள்— [வேண்டாம். ஹடப்சரில் அந்த ஞாயிறு மதியம் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.]

இரண்டாவது: இசை என்பது மனித குலத்தின்— [இதற்கு மேல் எழுதினால் நானே படிக்கமாட்டேன்.]

மூன்றாவது: ஜெயந்துக்குக் கை வியர்த்தது.

இது போகும்.

அவன் உட்கார்ந்திருந்தது விச்சுவின் ஃப்ளாட்டில். விச்சு சென்னையிலிருந்து வந்து மூன்று வருடமான ஐ.டி. மேலாளர், ‘காது வட்ட’த்தின் நிறுவனர், தலைவர், ஸ்பீக்கரின் சொந்தக்காரர். வருடக் கடைசியில் வட்டம் கூடும். அந்த வருடம் வந்த புது ஆல்பங்களில் தனக்குப் பிடித்த ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லி, அதிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுக் காட்ட வேண்டும். சினிமாப் பாட்டு கூடாது. ‘நல்லா இருக்கு’ என்று சொல்லக் கூடாது; அது கேட்கத் தெரியாதவர்கள் சொல்வது. ‘டெக்ஸ்சர்’ என்று சொல்லலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம்.

விச்சு கொண்டுவந்தது ஐஸ்லாந்தில் பனி உருகுவதைப் பதிவுசெய்த ஆல்பம்.

“ரெண்டாவது ட்ராக்ல கொஞ்சம் வேகமா உருகும், கவனிங்க,” என்றான்.

எல்லாரும் கவனித்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்து பாத்ரூம் போனார். தண்ணீர்ச் சத்தம் அப்படி. யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த முறை ஜெயந்துடையது. கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் வீட்டோடு சரி, எழுதப் படிக்க வராது. அவன் போனில் இருந்த ‘Vali’ என்ற ஆல்பத்தைப் பாடியவன் அவனேதான். துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, சட்டைகளுக்கு நடுவில் பதிவுசெய்து, பெயர் போடாமல் இணையத்தில் ஏற்றியிருந்தான். இதுவரை கேட்டவர்கள் அவனும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மராத்தி மனைவி வைஷாலியும். இவர்களுக்குப் பிடித்துவிட்டால் ‘நான்தான்’ என்று சொல்லிவிடுவதாகப் பேச்சு. இல்லாவிட்டால் பாடியது யாரோ ஒரு திருநெல்வேலிப் பையன்; வட்டத்திடம் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தான். முப்பது தாண்டியும் எதையும் பாதியில் விடுகிற ஜெயந்த், தொடங்கி முடித்த ஒரே காரியம் இது. [கல்யாணத்தை முடித்தது வைஷாலி.]

3

பாட்டு ஓடியது.

வழி கேட்டேன், கை காட்டினாங்க,
ஒவ்வொரு கையும் ஒவ்வொரு பக்கம்.

நான் சரியாக எழுதிவிட்டேன். ஸ்பீக்கரில் வந்தது ‘வலி கேட்டேன்’. ஜெயந்துக்கு ழகரம் வராது.

பாட்டு முடிந்தது. விச்சு கண்ணைத் திறக்கவில்லை.

“வலி கேட்டேன்...” என்றான் மெதுவாக. “டேய், எல்லாரும் வலி வேணாம்னு ஓடறோம். இவன் கேட்டு வாங்கறான்டா!”

“கை காட்டினாங்க பாருங்க,” என்றாள் ஸ்ரீரஞ்சனி. வட்டத்தின் ‘இந்த வருடத்தின் சிறந்த ஆல்பங்கள்’ அறிவிப்பை வெளியிடுவது அவள்தான். “டாக்டர் எங்க வலிக்குதுன்னு கேட்டா நாம கை வெச்சுக் காட்டுவோமே, அது! எனக்குப் புல்லரிச்சிடுச்சு.”

“நடுவுல ஒரு விசில் வருதே, அது ஃபேக்டரி சங்கு. உழைக்கிறவன் வலி,” என்று விச்சு விசிலடித்தும் காட்டினான்.

அது வைஷாலியின் குக்கர். உள்ளே துவரம்பருப்பு. தமிழ் புரியாவிட்டாலும் விச்சு விசிலடித்துக் காட்டியது அவளுக்குப் புரிந்தது. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

ஜெயந்துக்குப் பொறுக்கவில்லை.

“அது... மத்லப்... அதாவது... வலி இல்ல,” என்றான். “வலி.”

[இரண்டாவது வலி, வழி. அவன் வாயிலிருந்து இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.]

“வலி இல்ல, வலி!” விச்சு துள்ளி எழுந்தான். “அடடா! என்ன சொல்லிட்டான் பாத்தீங்களா?”

ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

4

இந்த இடத்தில் ஜெயந்தின் அப்பா வர வேண்டும். முதல் வரைவில் அவரைக் கொன்றுவிட்டேன். அப்பாக்கள் செத்தால் எழுதுகிறவர்களுக்கு வசதி. கதைக்குக் கனம் தானாக வந்துவிடும். பிறகு வெட்கமாக இருந்தது, உயிர் கொடுத்துவிட்டேன்.

ரயில்வே உத்தியோகம் பார்த்தவர். “நாக்க மடிடா, வழி, வழி,” என்று சாப்பிடும்போதுகூடத் திருத்திக்கொண்டே இருப்பார். போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆம்புலன்ஸ் கோர்படி ரயில்வே கேட்டில் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. ஜெயந்த் இறங்கி ஓடினான், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வேறு வழி கேட்டான். எல்லாருமே நல்லவர்கள், எல்லாருமே கை காட்டினார்கள். ஒவ்வொரு கையும் ஒவ்வொரு பக்கம்.

அப்பா பிழைத்தார். பேச்சு திரும்பவில்லை. இப்போது ஜெயந்த் எப்படிச் சொன்னாலும் திருத்த ஆளில்லை. பாட்டு அவ்வளவுதான்.

இதை எழுதியதும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். கிண்டல் கதைதானே எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள்.

5

வைஷாலி அவன் தொடையில் கிள்ளினாள்.

“சாங் ந, ஜெயந்த்! சாங்!”

மராத்தியில் ‘சாங்’ என்றால் ‘சொல்லு’. மூன்று வருடத்தில் விச்சு கற்ற மராத்தி ‘பையா, யஹான் ரோக்கோ’ மட்டும்தான். [‘அண்ணா, இங்கே நிறுத்து.’ அதுவும் இந்தி.]

“பாத்தீங்களா!” என்றான் நெகிழ்ந்து. “தமிழே தெரியாதவங்க, இன்னொரு தடவ சாங் போடச் சொல்றாங்க!”

போட்டான். இந்த முறை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜெயந்த் மட்டும் திறந்த கண்ணோடு தன் குரலைக் கேட்டான். கேட்கக் கேட்க, ஆம்புலன்ஸுக்குள் அப்பா அவனைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. இவர்கள் தப்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பாடியவனுக்கே இப்போது எது சரியென்று நிச்சயமில்லை.

ஐஸ்லாந்துப் பனி இரண்டாம் இடத்துக்குப் போயிற்று.

“முதல் இடம் இதான். தமிழ்லயே போடறேன்,” என்றாள் ஸ்ரீரஞ்சனி. “வலி இல்ல, வலின்னீங்களே, எந்த லி, ஜெயந்த்? சின்ன ல-வா, பெரிய ள-வா? நீங்களே அடிச்சுடுங்க.” போனை அவனிடம் கொடுத்தாள்.

6

முடிவுகள்.

(அ) ‘நான்தான் பாடினேன்’ என்கிறான். “அப்ப அது வெறும் உச்சரிப்புப் பிழையா?” என்கிறான் விச்சு. பனி மறுபடி முதலிடம்.

(ஆ) வாயைத் திறக்கவில்லை. பொங்கலுக்குள் அந்தத் திருநெல்வேலிப் பையனை விச்சுவுக்கு நேரில் தெரியும் என்று ஆகிவிடுகிறது.

(இ) வைஷாலி எழுந்து நின்று, விச்சுவுக்கும் புரியும்படி இந்தியில்— [எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மறுபடியும் அவளே முடித்துவைக்க வேண்டுமா?]

எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நடந்தது இதுதான். ஜெயந்த் அந்தப் போனில் v, a, l, i என்று ஆங்கில எழுத்துகள் நான்கைத் தட்டினான். மேலே வரிசையாக மூன்று தமிழ்ச் சொற்கள் வந்து நின்றன: வலி, வழி, வளி.

முதலாவதைத் தொட்டால் பாட்டு திருநெல்வேலிப் பையனுடையதாகவே இருக்கும். இரண்டாவதைத் தொட்டால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அவன் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்றாவது காற்று. தொட்டால் விச்சு அதற்கும் விளக்கம் வைத்திருப்பான்.

ஜெயந்துக்கு மூன்றும் மூன்று படங்கள். வைஷாலியைப் பார்த்தான். அவளுக்கும் அப்படியே. நான் சொல்லலாம், ஆனால் போன முறை ஒருவர் கேட்டபோது மாத்திரை போடச் சொன்னவன் நான்.

உங்களுக்குத் தமிழ் படிக்க வருகிறது. இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அவன் போனை உங்கள் பக்கம் திருப்புகிறான், கை இன்னும் வியர்த்திருக்கிறது.

“வலி சொல்லுங்க,” என்கிறான்.