நின்றுபோன இரண்டாம் ஓலை

பேராசிரியர் சேதுபதி பணம் என்று சொல்ல மாட்டார், நீர்மைத்தன்மை என்பார். கேன்டீனில் டீக்குச் சில்லறை இல்லாமல் அடுத்தவர் முகத்தைப் பார்க்கும்போதுகூட அது தற்காலிக நீர்மைத் தட்டுப்பாடுதான். அவரிடம் வங்கியியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஐரின், அந்த வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் அவரையே அசர வைத்தாள்.

"நல்லா நடக்கிற வங்கியும் ஒரே நாள்ல விழும் சார். மத்தவங்க போட்ட பணத்தை ஓடிப்போய் எடுத்துருவாங்களோன்னு ஒவ்வொருத்தரும் பயந்தாப் போதும். அந்த நிலைமையில முதல் ஆளா ஓடுறவன்தான் புத்திசாலி."

சேதுபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தரும் உச்சபட்ச விருது அதுதான்.

ஐரினுக்கு நத்தத்தில் மாம்பழ மண்டி வைத்திருக்கும் அமலனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு முழு அத்தியாயத்தையும் போனில் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பேங்க்காரன் பாவந்தானே?" என்று கேட்ட ஒரே மனிதன் அவன். அங்கேதான் அவள் விழுந்தாள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இரண்டு ஊர் மாதா கோயிலிலும் பூசையில் பெயர்களைச் சொல்லி, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஓலை வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்தாயிற்று. பெயரோடு 'ஆராய்ச்சி மாணவி' என்றும் சேர்க்கச் சொல்லி அவள் அப்பா பவுல்ராஜ் பங்குக் கோயில் ஃபாதரிடம் கெஞ்சியது தனிக் கதை.

சனிக்கிழமை திண்டுக்கல் நாகல் நகரில் ஐரின் வீட்டுக்கு வியாகுலம்மாள் அத்தை வந்தாள்.

"ஏடி ஐரினு, அமலன் ஆத்தா நெய்க்காரப்பட்டியில பொண்ணு பாத்துட்டு வந்திருக்காளாமே? பூவும் பழமுமாக் கார்ல போனாங்களாம்."

அமலன் போனை எடுக்கவில்லை. மண்டியில் ஏலம் முடியும்வரை அவன் போனைத் தொட மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தது எதுவும் பயந்த மூளைக்கு எட்டாது. அவர்கள் கைவிடுவதற்குள் நாம் விலகிவிட்டால் மானமாவது மிஞ்சும். படித்த படிப்பு இந்தக் கணக்கை வெகு சுத்தமாகப் போட்டுக் கொடுத்தது. அன்று மாலையே கோயிலுக்குப் போனாள்.

"ஓலையை நிறுத்திருங்க ஃபாதர்."

"செத்த பொறும்மா. அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"ஓடப்போறவங்க சொல்லிட்டா ஓடுவாங்க ஃபாதர்?"

அவர் பெருமூச்சு விட்டு நத்தம் பங்குக் கோயிலுக்குப் போன் போட்டார்.

மறுநாள் பூசை முடிந்த கையோடு அமலன் பைக்கில் வந்தான். வாசலோடு நின்றான்.

"சொந்தக்காரங்களை எல்லாம் முன் பெஞ்சுல உக்கார வச்சிருந்தேன் ஐரின். வேற யார் பேரோ வாசிச்சாரு. 'ஃபாதர் மறந்துட்டாரு போலடா'ன்னு அம்மா சிரிச்சாங்க. ஃபாதர்கிட்டக் கேட்டேன், நீதான் நிறுத்தச் சொன்னியாம்."

"நெய்க்காரப்பட்டிப் பொண்ணு..."

"என் தம்பிக்கு."

ஐரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "முதல்ல இருந்து வாசிக்கச் சொல்றேன். உங்கம்மா கால்ல விழுறேன்."

"அம்மா சமாதானமாயிருவாங்க. எனக்குத்தான் முடியல."

"கோபமா?"

"கோபம்னா ரெண்டு நாள்ல போயிரும். பயமா இருக்கு. நாளைக்கு மண்டியில நட்டம்னு எவனாவது சொல்வான். எனக்கு உடம்புக்கு ஏலலன்னு எவளாவது சொல்வா. நீதான் முதல்ல கிளம்புவ."

வங்கியில் இப்படி ஓட்டம் பிடித்தால் நிறுத்த ஒரே வழிதான் உண்டு: என்ன ஆனாலும் நான் இருக்கிறேன் என்று ஒருவர் வாக்குக் கொடுக்க வேண்டும், கேட்பவர் அதை நம்பவும் வேண்டும். ஐரின் வாயைத் திறந்தாள். முதலில் ஓடியவளின் வாக்குக்கு என்ன மதிப்பு என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் திண்டுக்கல் வட்டாரத்தில் யாருமில்லை. மூடிக்கொண்டாள்.

"சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ம்."

பூசையிலிருந்து நேரே வந்தவன் எங்கே சாப்பிட்டிருப்பான்? அடுப்பில் சோற்றுக்கு வெஞ்சனம் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே வாங்க என்று கூப்பிடும் உரிமை இனி அவளுக்கு இல்லை. அவன் வண்டியைத் திருப்பினான்.