மூணாம் மாடி முசுடு அவர்களுக்கு

வாஷிங் மெஷின் ரிப்பேர் கடையில் மெஷினைவிட அதிகமாகச் சுற்றுவது ஃபோன் எடுக்கிறவளுடைய தலைதான். அவளுடைய வீட்டுக்காரர் காலையில் ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிடுவார். கடையில் ஒரு மேஜை, மேஜைக்கு அடியில் கழற்றிப்போட்ட மோட்டார்கள், சுவரோரம் கதவில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் இரண்டு மெஷின்கள். நடுவில் அவள். கஸ்டமர்களுக்கு அவள் கடைக்காரம்மா. வீட்டுக்காரருக்கு 'இந்தா.' இருபத்தைந்து வருஷமாக இந்த இரண்டுக்கும்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கூப்பிடுகிறவர் யாராவது பெயரைச் சொல்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. "நான்தாம்மா பேசறேன், மறுபடியும் தண்ணி போகல" என்பார்கள். அந்த 'நான்' யார், எந்தத் தெரு, மேலே திறக்கிற மெஷினா முன்னால் திறக்கிறதா, எல்லாம் அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு காதில் இந்த ஃபோன் இருக்கும்போதே அந்த ஃபோன் அடிக்கும். பெயர் கேட்டு எழுத யாருக்கு நேரம்? பார்த்ததும் ஆள் ஞாபகம் வருகிற மாதிரி எதையாவது போட்டு நம்பரைச் சேமித்து வைப்பாள். ரெண்டு நாய். பேரம் டீச்சர். சாக்ஸ் மாட்டிக்கிச்சு. சந்தேகப் பேர்வழி. மூணாம் மாடி முசுடு. சர்வீசுக்கு நாள் ஆயிற்றே என்று இவளாகவே கூப்பிட்டால் "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்று வைத்துவிடுவார்கள். அந்த அடுத்த மாசம் வரவே வராது.

மகள் வெளியூரில் இருந்தாள். அடுத்த மாதம் தலைப்பிரசவம். அம்மா ஒரு மாதமாவது வந்து கூட இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், கடைசியில் தானே ஒரு வழி பண்ணினாள்.

"சி.ஆர்.எம்னு ஒண்ணு இருக்கும்மா. எந்த கஸ்டமர், எந்த வீடு, என்ன மெஷின், கடைசியா எப்ப போனீங்க, எல்லாத்தையும் அதுவே வச்சிருக்கும். ஆறு மாசம் ஆனா அதுவே மெசேஜும் அனுப்பும். அப்பா அதைப் பாத்துக்கிட்டா போதும். நீ பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடு."

இத்தனை சின்னக் கடைக்கு இதெல்லாம் தேவையா என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அவளுக்கு மகள் பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால், யாருடைய மெஷினும் தலைக்குள் ஓடாமல் ஒரு மாதம் தூங்கி எழ வேண்டும். சரி என்றாள்.

மகள் அங்கிருந்தபடியே கடை ஃபோனில் இருந்த நம்பர்களை அப்படியே கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். "முதல்ல ஒருத்தருக்கு அனுப்பிப் பாரு, அப்புறம் எல்லாருக்கும் அனுப்பு" என்று படித்துப் படித்துச் சொன்னாள். திங்கட்கிழமை காலை ரெண்டு நாய் லைனில் இருந்தார், மெஷின் குலுங்கிக் குலுங்கி வராந்தா வரைக்கும் நடந்து வந்துவிட்டது என்று புலம்பிக்கொண்டு. இவள் அவருக்கு 'உம்' கொட்டிக்கொண்டே பட்டனைத் தட்டினாள். அது எல்லாருக்கும் போகிற பட்டன்.

மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்காரர் திரும்பி வந்தார். பையை மேஜை மேல் வைக்கவில்லை, போட்டார்.

"என்ன அனுப்பி வச்சே?"

"சர்வீஸ் மெசேஜ். ஏன்?"

"சந்தேகப் பேர்வழி வீட்டுல இருக்கேன். வழக்கம்போல தலைக்கு மேல நின்னு ஸ்க்ரூ எண்ணிக்கிட்டு இருக்காரு. அவரு ஃபோன்ல மெசேஜ் வந்துது. படிச்சுட்டு என்கிட்ட நீட்டறாரு. 'அன்புள்ள சந்தேகப் பேர்வழி அவர்களுக்கு, உங்கள் மெஷினைச் சரிபார்த்து ஆறு மாதம் ஆகிறது. எப்போது வரலாம்?' இது நானான்னு கேக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேற யாரோன்னேன். அந்த ஆளு நம்புவாரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"பேர் போச்சு. நமக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை? பெரிய கம்பெனிக்காரன் வச்சிக்கட்டும், அவனுக்கு ஆள் முகம் தெரியாது. நமக்குத்தான் நீ இருக்கியே. அதைத் தூக்கிப் போடச் சொல்லு."

"நான் அடுத்த மாசம் இருக்க மாட்டேனே."

"ஏன், எங்க போறே?"

விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை. மகளுக்குப் பிரசவம் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு இவள் போவாள் என்பதுதான் அவர் மண்டையில் ஏறவே இல்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்பட ஒரு தெம்பு வேண்டும், அது எப்போதோ தீர்ந்துவிட்டது.

முதலில் கஸ்டமர்களைச் சமாதானப்படுத்தியாக வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். பேரம் டீச்சர், மன்னித்துவிடுகிறேன், அடுத்த சர்வீசுக்குக் குறைத்துப் போடுங்கள் என்றார். சாக்ஸ்காரருக்கு ஒரே சிரிப்பு. முசுடை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். அவர் சும்மாவே கடிப்பவர். போதாததற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ஒரு ரகளை. வீட்டுக்காரர் மூன்று மாடி ஏறிப் போனால் வேறு யாரோ கதவைத் திறந்து, எங்கள் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது என்றார்களாம். முசுடோ மறுநாள் கூப்பிட்டு, நாள் முழுக்கக் காத்திருந்தேன், ஒருத்தனும் வரவில்லை என்று கத்தினார். நம்மை அலைக்கழிக்கிறார் என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து அவரைத் திட்டித் தீர்த்திருந்தார்கள்.

"சார், காலையில ஒரு மெசேஜ் தப்பா வந்திருக்கும். மன்னிச்சிடுங்க."

"ஏம்மா, நீதானே அந்தப் பேரை வச்சது?"

"ஆமா சார்."

"முசுடு சரி. மூணாம் மாடி தப்பு. நான் கீழ் வீட்டுக்கு மாறி மூணு மாசம் ஆச்சு. போன தடவையே சொன்னேன், கீழ் வீட்டுக்கு ஆள் அனுப்புன்னு. நீ சரி சரின்னே."

சொல்லியிருக்கிறார். இப்போது ஞாபகம் வந்தது. அவர் சொன்னபோது இன்னொரு காதில் வேறு யாரோ இருந்தார்கள். சரி சரி என்றது வாய்தான். தலைக்குள் முசுடு இன்னும் மூன்றாம் மாடியிலேயே குடியிருந்தார். இந்த மாதிரி இன்னும் எத்தனை பேரை வீடு மாற்றாமல் வைத்திருக்கிறோமோ என்று நினைத்தபோது அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"சார், உங்க பேரு என்ன?"

இப்பவாவது கேக்கத் தோணுச்சே என்று முதலில் முணுமுணுத்தார். பிறகு பெயரைச் சொன்னார். அழகான பெயர். முசுடுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

ஃபோனை வைத்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் இன்னும் முழங்காலைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க மூணு மாடி ஏறினது அவரால இல்ல, என்னால. அவரு கீழ இருக்கேன்னு சொன்னாரு. நான் காதுல வாங்கல."

அவர் நிமிர்ந்தார்.

"நீ இருக்கே நீ இருக்கேங்கறீங்க. நான் எங்க இருக்கேன்? இந்தத் தலையில இனிமே ஒரு நம்பருக்குக்கூட இடம் இல்ல. எனக்கு முடியல. நான் பொண்ணுகிட்ட போறேன். இந்த கம்ப்யூட்டர் இருந்தாலும் போறேன், இல்லாட்டியும் போறேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடினார்.

"முசுடு சார் பேரு என்ன சொன்னே?"

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் ஊரில் உள்ளவர்களின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிளம்புகிற அன்று அவள் கடை ஃபோனை மேஜை மேல் வைத்துவிட்டு, தன்னுடைய சின்ன ஃபோனோடு மட்டும் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் கிடைத்தது. ஊர் தாண்டும் வரைக்கும் மடியில் ஃபோன் அடிக்கிற மாதிரியே இருந்தது. அது அடிக்கவில்லை. கண் அசந்தபோது நிஜமாகவே ஒரு மெசேஜ் வந்தது.

எல்லாருக்கும் அனுப்புமுன் ஒருத்தருக்கு அனுப்பிப் பார் என்று மகள் அப்பாவுக்கும் சொல்லியிருக்கிறாள். அவருக்கு வேறு யார் கிடைப்பார்கள்? 'அன்புள்ள' என்று ஆரம்பித்து அவளுடைய பெயர் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் கூப்பிட்டிராத முழுப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல், பின்னால் 'அவர்களுக்கு' என்ற மரியாதையோடு. ஒற்றை விரலால் இதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கண் கலங்கியது. கீழே, மற்றவர்களுக்குப் போன அதே வரிகள்: உங்கள் மெஷினைச் சரிபார்த்து ஆறு மாதம் ஆகிறது. எப்போது வரலாம்?

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத் தட்டினாள்: அடுத்த மாசம் பாக்கலாம்.

பிறகு ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.