ரிலீவர் வரும்வரை

"ஜாமீன் கெடச்சிருச்சுன்னு சொல்றேன், நீ என்னான்னா…"

"கத்தாத செல்வம்மா, மெதுவா…"

"கத்துவேன்! வெளிய போன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. உள்ளயே குந்திக்கினு இருப்பேன்னா என்னா அர்த்தம்?"

"ரிலீவர் வரட்டும், வர்றேன்."

செல்வம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டிரைக்கில் பிடித்துக்கொண்டு போன புருஷனுக்காக மத்திகிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, வக்கீல் பின்னாலேயே அலைந்து உத்தரவு வாங்கி வந்திருக்கிறாள். முனிவேலோ கம்பெனிப் பேச்சு பேசுகிறான். அங்கேயும் அடுத்த ஷிப்டு ஆள் வராமல் மெஷினை விட்டு நகரமாட்டான். ஜெயிலில் ஏது மெஷின்?

"அஞ்சு மணிக்குப் பூட்டிருவேன்," என்றார் வார்டர். "நாளைக்கு ஞாயிறு. அப்புறம் திங்கக்கெழமதாம்மா."

"கேட்டியா? புள்ள வாசலையே பாத்துக்கினு கெடக்குது!"

வெயிலில் கூசிய கண் அப்போதுதான் தெளிந்தது. கம்பிக்குள் பார்த்தாள்.

பத்துப் பேருக்கான அறையில் ஓர் ஊரே இருந்தது. வெற்றிலைக் கவுளிபோல ஒருக்களித்து அடுக்காகத் தூங்கினார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் கதவோரம் நெருக்கி நின்றார்கள். மூலையில் மூத்திரச் சட்டி வழிந்து நாறியது. ஆனாலும் ஒரு சத்தமில்லை. இருமல் வந்தவன் துண்டைக் கடித்துக்கொண்டான்.

நட்டநடுவில் முனிவேல். அவன் முதுகில் முதுகு சாய்த்து, வாய் பிளந்து தூங்கினார் ஒரு கிழவர்.

"ஆஞ்சப்பன். சாராயக் கேசு," என்று கிசுகிசுத்தான். "இளுப்பு. படுத்தா மூச்சடைக்குது. செவுரெல்லாம் ஈரம். ஆளு மாத்தி ஆளு முதுகு குடுக்கறோம். அடுத்த ஷிப்டு சென்னகிருஷ்ணன். இப்பதான் கண்ண மூடினான்."

"நிக்கறவங்க யாராச்சும் வந்தா என்ன?"

"கால் வெக்க எடம் எங்க? தூங்கறவன மிதிச்சுத்தான் வரணும். நான் வெளிய வந்தாலும் அதேதான்."

பெரியவரின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. அதற்கேற்ப முனிவேலின் தோளும் ஏறி இறங்கியது. நின்றவர்கள் எல்லோரும் அந்த மூச்சையே பார்த்திருந்தார்கள். கோயிலில் திரை விலகும்போது கூட்டம் வாயடைத்து நிற்குமே, அப்படி. செல்வம்மாள் தன்னை அறியாமல் வளையல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வார்டர் சாவிக்கொத்தோடு எழுந்தார். முனிவேல் அவளையே பார்த்தான்.

அவள் வார்டர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, சாவி சத்தம் போடாம பூட்டுங்க. பெரியவரு தூங்கறாரு."